கணவன் மனைவிக்குள் மரியாதை: மூன்று தலைமுறையும் கேட்கும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டம் முடிந்து கணக்கு நோட்டை மூடியதும் பேச்சு கடனை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்கூட அப்போது பேசுவார்கள். அறுபதைத் தாண்டிய மாமியார், போன வருடம் கல்யாணமான மருமகள், அம்மாவைக் கூட்டிப்போக பைக்கில் வந்து வாசலில் நிற்கும் மகன் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. விருதுநகர், மதுரைப் பக்கத்து வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

மரியாதைன்னா வாங்க போங்கன்னு பேசுறதுதானே? வேற என்ன இருக்கு?

பேச்சும் அதில் சேர்த்திதான். ஆனால் வாய் நிறைய 'வாங்க போங்க' சொல்லிக்கொண்டே ஒருவரை ஒரு பொருட்டாக நினைக்காமல் இருக்க முடியும். வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது இரண்டு பேரையும் கேட்கிறார்களா? 'எனக்கு இதில் இஷ்டமில்லை' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடுகிறதா? நாலு பேர் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்களா? நான் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று, பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் டிவி நிற்கிறது, பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள், மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கிறார் என்றால் அந்த வீட்டில் இருப்பது பயம்.

என் மருமக எம் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. அதுவும் எங்க முன்னாடியே. இது சரியா?

உங்கள் மனது சங்கடப்படுவது எனக்குப் புரிகிறது. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரை இடித்து 'நீ சொல்லு' என்று காட்டிய தலைமுறை நம்முடையது. புருஷன் பெயரும் சாமி பெயரும் ஒன்றாக இருந்தால் சாமி பெயரையும் சொல்லாமல் விட்டவர்கள் இருந்தார்கள். அது அவர்கள் மரியாதையைக் காட்டிய விதம்.

உங்கள் மருமகளும் மகனும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பெயர் சொல்லியே பழகியவர்கள். தாலி ஏறிய மறுநாள் அதை மாற்றிக்கொள்ளச் சொன்னால் நாடகம் போலத்தான் இருக்கும். பெயரை எந்தக் குரலில் சொல்கிறாள் என்று கவனியுங்கள். பெரியவர்கள் முன்னால் மட்டும் 'அவர்', 'வாங்க' என்று பேசும் ஜோடிகளும் உண்டு. அவர்களாக விரும்பிச் செய்தால் நல்லது. நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மகனிடமும் அதையே கேளுங்கள்.

அவர் என்னை வாடி போடிங்கிறார். நான் மட்டும் வாங்க போங்கன்னு சொல்லணுமா?

செல்லமாகச் சொல்லும் 'வாடி' இருக்கிறது, அதட்டிச் சொல்லும் 'வாடி' இருக்கிறது. எது எது என்று உங்களுக்கே தெரியும். பிடிக்கவில்லை என்றால் சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். நல்ல மூடில் இருக்கும்போது 'அடுத்தவங்க முன்னாடி அப்படிக் கூப்பிடாதீங்க' என்று நேராகச் சொல்லுங்கள். கோவைப் பக்கம் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிறார்கள். யாருக்கும் அதனால் கௌரவம் குறைந்துவிடவில்லை.

எங்க அப்பத்தா காலத்துல பொம்பளைங்க அடிமையாத்தானே இருந்தாங்க? அவங்ககிட்ட என்ன கத்துக்கிறது?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் நிலக்கடலை வியாபாரி திண்ணையில் வந்து உட்கார்ந்து விலை பேசுவார். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கடைசியில் 'இருங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்' என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போவார். அப்பத்தா நாலு கடலையை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கும். உள்ளே பருப்பு ஆடும் சத்தம் சரியாக இல்லையென்றால், 'இன்னும் காயல. இப்பப் போட்டா ஈரக்கடலைன்னு விலையக் கொறைப்பான்' என்று சொல்லிவிடும். தாத்தா திரும்பி வந்து, 'அடுத்த வாரம் வாங்க' என்பார். 'வீட்ல வேணாங்கிறா' என்று வியாபாரியிடம் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை.

அதே அப்பத்தா எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டது. அந்த நிலத்தின் பட்டாவில் அதன் பெயர் இல்லை. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டுமென்றாலும் தாத்தா தலையாட்ட வேண்டும். வேலையில் மதிப்பு இருந்தது; உரிமை இல்லை. அந்தத் தலைமுறையை முழுக்கப் புகழ்வதும் முழுக்கத் தள்ளுவதும் இரண்டுமே அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 'கேட்டுட்டு வர்றேன்' என்று சொன்ன பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பட்டா விஷயத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஆம்பளைங்க சாப்பிட்ட பிறகுதான் எங்க வீட்ல நான் சாப்பிடணும். மாமியாரும் அப்படித்தான் இருந்தாங்களாம். இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?

பெரிசு பண்ண வேண்டிய விஷயம்தான். கடைசியில் சாப்பிடுகிறவருக்குச் சட்டியில் கறி இருக்காது, குழம்பு இருக்கும். கீரை தீர்ந்திருக்கும், ரசம் இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது. காரணம் பல இருக்கலாம். பந்தியில் கடைசி இடம் அதைச் சரிசெய்யப் போவதில்லை.

இதைப் புதிதாக வந்த மருமகள் தனியாக மாற்ற முடியாது. மகனோ மாமியாரோ ஆரம்பித்தால் எளிது. பாத்திரங்களை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு 'நீயும் உட்காரு, வேணுங்கிறத அவங்கவங்க போட்டுக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோறு, இட்லி என்றால் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். தோசைதான் சிக்கல், ஒருவர் கல்லுக்கு முன்னால் நின்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் தினமும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆம்பளைப் பிள்ளைக்கும் பத்துப் பன்னிரண்டு வயதில் தோசை வார்க்க வரும்.

தனியா இருக்கும்போது பாத்திரம் கழுவுற மனுஷன், அவங்கம்மா ஊர்லேருந்து வந்தா சொம்புத் தண்ணிகூட எடுக்க மாட்டேங்கிறார். ஏன்?

'பொண்டாட்டிதாசன்' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அந்த அம்மா பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். காலமெல்லாம் தனக்கு ஒரு தட்டைக்கூட யாரும் கழுவித் தரவில்லை. தான் வளர்த்த மகன் இன்னொருத்திக்குக் கழுவுவதைப் பார்க்கும்போது வரும் வலியில் கோபத்தோடு ஏக்கமும் கலந்திருக்கும்.

நான் பார்த்த வீடுகளில் பலன் கொடுத்த வழி ஒன்று உண்டு. மகன் முதலில் அம்மாவின் தட்டை எடுத்துக் கழுவட்டும், அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுக்கட்டும். இரண்டு நாள் 'நீ எதுக்குப்பா' என்பார்கள், அப்புறம் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இதை அம்மா வருவதற்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு கண் ஜாடையில் நடத்தப் பார்த்தால் சண்டையில்தான் முடியும்.

மருமகளை நான் மக மாதிரிதான் பாத்துக்கிறேன். அப்புறமும் எம் மகனும் அவளும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல.

மருமகளைப் பற்றி மகனிடம் ஃபோனில் குறை சொல்கிறீர்களா? அதை நிறுத்திவிட்டு, அவளிடமே நேராகக் கேட்டுப் பாருங்கள். மருமகளுக்கும் இதையே சொல்வேன். வீட்டுக்காரர் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் ஒப்பித்தால், உங்கள் சண்டை தீர்ந்த பிறகும் அம்மா மனதில் அது தீராது.

சம்பாதிக்கிறது நான். வீட்ல இருக்கிறவளுக்குப் பணத்தைப் பத்தி என்ன தெரியும்? அவகிட்ட எதுக்குக் கேக்கணும்?

இதைக் கேட்கும் ஆண்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. அப்பாவைப் பார்த்து அப்படியே பழகியவர்கள். ஆனால் மாதக் கடைசியில் வீடு ஓடுவது யாருடைய சாமர்த்தியத்தில் என்று அவர்களுக்கே தெரியும். குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டுவதும், சீட்டுப் பணத்தைப் பிள்ளை ஃபீஸுக்கென்று ஒதுக்கி வைப்பதும் 'ஒன்றும் தெரியாத' அந்தப் பெண்கள்தான். 1989ல் தர்மபுரியில் அரசு முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. அதிலிருந்து இன்றுவரை குழுக்கள் நிற்பது அந்தச் சாமர்த்தியத்தில்தான்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் சரிபாதி உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ஒரு வழக்கின் தீர்ப்பு எல்லா வீட்டுக்கும் தானாகப் பொருந்தாது. ஆனாலும் 'வீட்ல சும்மா இருக்கா' என்று சொல்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில்தான் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் தொடங்கியது. பணம் பெண்ணின் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் பையில் இருக்கிறது என்றால் அதை முதலில் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு அவரைவிடச் சம்பளம் ஜாஸ்தி. சொன்னாலே முகம் சுண்டிப்போகுது. மறைக்கணுமா?

மறைக்க வேண்டாம். மறைத்தது வெளியே வரும் நாளில் சம்பளத்தைவிட மறைத்ததுதான் பெரிய விஷயமாகும். சொந்தக்காரர்கள் முன்னால் கணக்குச் சொல்லிக் காட்டாமல் இருந்தால் போதும். குறைவாகச் சம்பாதிப்பவர் கணவராக இருந்தாலும் மேலே சொன்னதுதான் பதில்: வீட்டை நடத்துவதில் அவர் உழைப்புக்கும் பங்கு உண்டு, முடிவில் அவர் வார்த்தைக்கும் இடம் உண்டு.

எங்க அப்பா வந்தா மாப்பிள்ளை எந்திரிக்கிறதே இல்ல. அவங்க அப்பா வந்தா மட்டும் நான் தலையில முக்காடு போடாத குறை. யார்கிட்ட சொல்றது?

வீட்டுக்காரரிடம்தான். மாப்பிள்ளை முறுக்கு என்று சிரித்து ஒதுக்கும் விஷயம் இது இல்லை. பெண்ணைப் பெற்றவர் வாசலில் தயங்கி நிற்பதையும், 'சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்' என்று பொய் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீரோடு கிளம்புவதையும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அன்று ராத்திரி அவளிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது ஒட்டாது.

கடமையும் இரண்டு பக்கமும் சமம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 'பிள்ளைகள்' என்று சொல்லும்போது மகனையும் மகளையும் சேர்த்தே சொல்கிறது. 'கட்டிக் கொடுத்த பொண்ணு எதுக்கு அப்பாவுக்குப் பணம் அனுப்பணும்' என்று கேட்கிறவர்களுக்கு அதுவே பதில். சொத்திலும் தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்கள் மட்டும் விடுபட்டுப் போனார்கள். 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் நாடு முழுக்க மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது.

கல்யாணத்துக்கப்புறம் இனிஷியலை மாத்திக்கணுமா? மாமனார் வற்புறுத்துறார்.

சட்டத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அப்பா இனிஷியலோடு தொடரலாம், மாற்றவும் செய்யலாம். சான்றிதழ், ஆதார், வங்கி எல்லாம் ஒரே பெயரில் இருந்தால் பிற்பாடு அலைச்சல் இல்லை என்பதை மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள், பலருக்கு அந்தக் காரணம் புரிகிறது. முடிவு உங்களுடையது.

அந்தக் காலத்துல பொறுத்துப் போனாங்க, கல்யாணம் நிலைச்சது. இப்ப எதுக்கெடுத்தாலும் மரியாதை, உரிமைன்னு கோர்ட்டுக்குப் போறாங்களே?

அந்தக் காலத்தில் பிரிவே இல்லை என்பது உண்மை இல்லை. பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கல்யாணத்தைத் 'தீர்த்துவிடும்' வழக்கம் இருந்தது. ஆண்கள் சட்டப்படியே இரண்டாம் தாரம் கட்டிக்கொள்ள முடிந்தது. சென்னை மாகாணத்தில் 1949ல் வந்த சட்டம்தான் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது.

பொறுத்துப் போனவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, கையில் காசு இல்லை. வேறு வழி இல்லாமல் நிலைத்த கல்யாணத்தை எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுவது சரியில்லை. அப்பத்தாவும் தாத்தாவும் போல ஒருவர் வார்த்தையை ஒருவர் கேட்டு வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை உதாரணமாகக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

என் மகன் ஐயர் வேணாம், மந்திரம் வேணாம், மாலை மாத்திக்கிட்டாப் போதுங்கிறான். அப்படிப்பட்ட கல்யாணத்துல என்ன மரியாதை இருக்கும்?

நம் பக்கத்துக்கு இது புதிது இல்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928லேயே பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்திருக்கிறது. ரொம்ப காலம் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ல் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் அதைக் கொடுத்தது. முன்பே நடந்தவையும் அதனால் செல்லுபடியாயின. உறவினர், நண்பர்கள் முன்னால் 'இவரை என் கணவராக ஏற்கிறேன்', 'இவரை என் மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் புரிந்த மொழியில் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலியும் கட்டலாம்.

இருவரும் வாய் திறந்து ஒரே வாக்கைச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. அதற்காக அப்படிக் கட்டிக்கொண்ட எல்லா வீட்டிலும் மரியாதை இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மேடையில் உறுதிமொழி சொன்னவர் வீட்டில் அதட்டுவதும் உண்டு, மந்திரம் சொல்லித் தாலி கட்டியவர் மனைவியைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்காததும் உண்டு. எப்படிக் கட்டினாலும் பதிவு செய்துவிடுங்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்துக்கும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்வது நல்லது.

கல்லானாலும் கணவன்னு எங்கம்மா சொல்றாங்க. குடிச்சிட்டு அடிக்கிறார். நான்தான் இன்னும் பொறுத்துப் போகணுமா?

வேண்டாம். அடி விழும் வீட்டில் மரியாதையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே முடியாது, முதலில் பாதுகாப்பு. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையத்தை எந்த நேரமும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடி மட்டும் இல்லை, கேவலப்படுத்திப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அதில் வன்முறைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் நேராகவே புகார் கொடுக்கலாம்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 'ஊர் என்ன சொல்லும்' என்று திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் மகள் ராத்திரியில் பையோடு வந்து நின்றால் முதலில் கதவைத் திறங்கள், கேள்வியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைங்க முன்னாடி சண்டையே போடக் கூடாதா? அது நடக்கிற காரியமா?

நடக்காது. கருத்து வேறுபடுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பார்க்கக் கூடாதது வசவு, கை ஓங்குவது, 'உங்க அப்பன் வீட்ல' என்று இழுப்பது. இன்னொன்றையும் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். சண்டை பிள்ளைகள் முன்னால் நடக்கிறது, சமாதானம் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. 'நான் பேசினது தப்பு' என்று அப்பா அம்மாவிடம் சொல்வதையும் அவர்கள் காதால் கேட்கட்டும்.

ரிட்டயர் ஆனதுலேருந்து அப்பா அம்மாவை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுறார். பெத்தவங்க விஷயத்துல பிள்ளைங்க தலையிடலாமா?

தலையிடலாம், தனியாகப் பேசி. பேரப்பிள்ளைகள் முன்னால் அப்பாவைக் கண்டித்தால் அவர் செய்வதையே நீங்களும் செய்ததாகும். வேலைக்குப் போனவரைக்கும் பகலெல்லாம் வீடு அம்மாவின் கையில் இருந்தது. இப்போது ஒருவர் நாள் முழுக்க அடுப்பங்கரை வாசலில் நின்று 'எதுக்கு இவ்வளவு எண்ணெய்' என்று கேட்கிறார். அவருக்கென்று ஒரு பொறுப்பு வேண்டும். காய்கறி வாங்குவது, பேரனைப் பள்ளியில் விடுவது, சொந்தமாக ஒரு கணக்கு நோட்டு, எதுவாகவும் இருக்கலாம்.

அம்மாவிடமும் கேளுங்கள். 'பழகிப்போச்சு, விடு' என்றுதான் முதலில் சொல்வார்கள். அதைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் பத்து நாள் வந்து இருக்கட்டும். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்கும் சில விஷயம் விளங்கும்.

எங்கப்பா எங்கம்மாவை மதிச்சு நான் பார்த்ததே இல்ல. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். நான் எப்படி வேற மாதிரி இருக்கிறது?

கேட்டதே நல்ல அடையாளம். கோபம் வரும்போது உங்களை அறியாமல் அப்பாவின் குரல் வாயில் வரும், அதே வார்த்தைகூட வரும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே அந்தப் பெண்ணிடம் பேசி வையுங்கள்: 'எங்க வீட்ல இப்படித்தான் பேசுவாங்க. நான் அப்படிப் பேசினா அங்கேயே நிறுத்திடு.' அவள் நிறுத்தும்போது நீங்கள் நிற்க வேண்டும்.

பத்திரிகை அடிப்பதற்கும் மண்டபம் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிவிடுங்கள். இருவர் சம்பளமும் எந்தக் கணக்கில் இருக்கும், இரண்டு பக்கப் பெற்றோருக்கும் மாதம் எவ்வளவு, அவள் வேலை எந்த ஊரில், பொங்கல் எந்த வீட்டில், குழந்தை எப்போது என்று பேசுங்கள். இதில் ஒன்றிலாவது அவள் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்வாள். அதைக் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவையும் ஒரு நாள் தனியாக உட்கார வைத்து, 'அப்பா என்ன செஞ்சிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்?' என்று கேளுங்கள்.